தள்ளுபடியா, தள்ளிவைப்பா? கனடா கடைக்காரர்களைத் துரத்தும் 20,000 டாலர் கணக்கு

60,000 டாலர் கடன் வாங்கி 40,000 டாலரைத் திருப்பிக் கட்டியவருக்கு மீதி 20,000 டாலர் தள்ளுபடி. அதே கடனை வாங்கி 35,000 டாலர் கட்டியவருக்கு? ஒரு டாலர்கூடத் தள்ளுபடி இல்லை. கட்டிய தொகையில் வித்தியாசம் 5,000 டாலர்தான். ஆனா, ஒருத்தர் கடன் இல்லாமல் வெளியே வந்துவிட்டார், இன்னொருத்தர் தலையில் 25,000 டாலர் கடன் வட்டியோடு உட்கார்ந்திருக்கிறது.

கொரோனா காலத்தில் கனடா மத்திய அரசு சிறு வணிகர்களுக்குக் கொடுத்த அவசரக் கடன் முடிந்த விதம் இதுதான். 'கனடா எமர்ஜென்சி பிசினஸ் அக்கவுண்ட்' என்பது முழுப் பெயர், சுருக்கமாக சீபா. கிட்டத்தட்ட 9 லட்சம் தொழில்கள் வாங்கிய கடன் இது. மொத்தம் 49 பில்லியன் டாலர். ஒரு கனடிய டாலரை சுமார் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கடைக்குக் கிடைத்தது 36 லட்சம் ரூபாய் வரை. தள்ளுபடி மட்டும் 12 லட்சம் ரூபாய். ஒரு சின்ன கடைக்கு அது பிழைப்பா மூடலா என்பதைத் தீர்மானிக்கிற தொகை.

பேரிடர் கால உதவி என்றால் உலகம் முழுக்கக் கனடாவை உதாரணம் காட்டுவது உண்டு. வேகமாகவும் தாராளமாகவும் கொடுத்தார்கள் என்பது உண்மை. கொடுத்த பணத்தை வாங்கத் தொடங்கியபோது யார் தப்பினார், யார் மாட்டினார் என்பதுதான் அதிகம் பேசப்படாத பாதி.

வேகம் சரி

2020 மார்ச்சில் கடைகள் மூடப்பட்டபோது முதலில் அறிவிக்கப்பட்டது 10 சதவீத ஊதிய மானியம். பத்து சதவீதத்தை வைத்து யாரும் ஆளை வேலையில் வைத்திருக்க முடியாது என்று தொழில் அமைப்புகள் கத்தியதும், ஒன்பதே நாளில், மார்ச் 27 அன்று அது 75 சதவீதம் ஆனது. ஒரு ஊழியருக்கு வாரம் 847 டாலர் வரை அரசு தரும். ஏப்ரல் 11-ல் சட்டம் நிறைவேறியது. அதற்கு இரண்டு நாள் முன்பே, ஏப்ரல் 9-ல், வங்கிகள் வழியாக சீபா கடன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வட்டி கிடையாது, பிணை கிடையாது. முதலில் 40,000 டாலர், டிசம்பரில் 60,000 ஆக உயர்ந்தது.

விதிகளும் போகப்போகத் தளர்ந்தன. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 டாலராவது சம்பளமாகக் கொடுத்திருக்கும் தொழில்களுக்கே சீபா. ஒரு வாரத்தில் அந்த வரம்பு 20,000 ஆனது. பிறகு, ஆளே வைக்காமல் தனியாகத் தொழில் செய்பவர்களும் வாடகை, காப்பீடு மாதிரியான செலவுகளைக் காட்டி வாங்கலாம் என்றார்கள். தொழில் கணக்கு வைக்காமல் சொந்த வங்கிக் கணக்கிலேயே வரவு செலவு பார்த்தவர்களுக்கு 2020 அக்டோபரில்தான் கதவு திறந்தது. யார் கடைசியில் உள்ளே விடப்பட்டார்கள் என்று கவனித்தால், மிகச் சின்னவர்கள்தான்.

கனடாவில் ஆள் வைத்து நடத்தும் தொழில்களில் ஏறத்தாழ 98 சதவீதம் 100 பேருக்கும் குறைவாக வேலை செய்பவை. சின்னவர்கள் என்பது அங்கே ஓரத்தில் இருக்கும் ஒரு பிரிவு இல்லை.

பெரியவருக்கு மானியம், சின்னவருக்குக் கடன்

இரண்டு உதவிகளுக்கும் இடையே இருக்கும் அடிப்படை வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஊதிய மானியம் திருப்பித் தர வேண்டாத பணம். 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை அதற்கு ஆன செலவு சுமார் 100 பில்லியன் டாலர், அதாவது சீபாவைப் போல இரண்டு மடங்கு. அந்த மானியம் சம்பளப் பட்டியலைப் பார்த்துப் போனது. பட்டியல் நீளமாக இருந்தால் பணம் அதிகம், குட்டையாக இருந்தால் குறைவு. பட்டியலே இல்லையென்றால் ஒன்றுமில்லை.

டொரன்டோவின் கிழக்கே ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் தமிழர்கள் நடத்தும் டேக்-அவுட் சாப்பாட்டுக் கடைகள், மளிகைக் கடைகள், புடவைக் கடைகள், விருந்து மண்டபங்கள் நிறைய. இப்படிப்பட்ட ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவர் கல்லாவில், மனைவி அடுப்படியில், வார இறுதியில் காலேஜ் படிக்கும் பிள்ளை பார்சல் கட்டுகிறான். இந்த உழைப்பில் எதுவும் சம்பளப் பட்டியலில் ஏறாது. சொந்தப் பெயரில் தொழில் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பணம் சட்டப்படி சம்பளமே இல்லை. ஊதிய மானியத்தின் கண்ணில் இந்தக் கடையில் யாருமே வேலை செய்யவில்லை!

இவர்களுக்கு இருந்த வழி இரண்டு. ஒன்று, தனிநபருக்கான சேர்ப் உதவித்தொகை, நான்கு வாரத்துக்கு 2,000 டாலர். அதிலும் ஒரு கூத்து நடந்தது. முந்தைய ஆண்டில் 5,000 டாலர் சம்பாதித்திருக்க வேண்டும் என்று விதி. சுயதொழில் செய்பவருக்கு அது செலவு போக மிஞ்சியதா, செலவுக்கு முந்தைய வரவா என்று விண்ணப்பத்தில் தெளிவாக இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, 2020 கடைசியில் வருவாய்த் துறையிடமிருந்து கடிதம் போனது. செலவு போகத்தான் கணக்கு, தகுதி இல்லையென்றால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கலாம் என்று. எதிர்ப்பு வந்த பிறகு 2021 பிப்ரவரியில்தான் அரசு இறங்கி வந்தது. வரவுக் கணக்கில் 5,000 டாலர் காட்டியவர்கள் மற்றத் தகுதிகள் இருந்தால் திருப்பித் தர வேண்டாம் என்றார்கள். இடைப்பட்ட குளிர்காலத்தில் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வழி, சீபா. கடன்.

இன்னொரு பக்கம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட சில நிறுவனங்கள் ஊதிய மானியத்தையும் வாங்கிக்கொண்டு பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கொடுத்தன. சட்டம் அதைத் தடுக்கவில்லை. உயர் அதிகாரிகளின் சம்பளத்தை 2019-ஐவிட 2021-ல் உயர்த்தினால் மானியத்தில் கை வைப்போம் என்ற விதி வந்தது. ஆனா 2021 ஜூனுக்குப் பிறகான காலத்துக்கு மட்டும். அதற்குள் பெரும்பகுதிப் பணம் போய்விட்டிருந்தது. ஊழியரை வேலையில் வைத்திருக்கத்தான் அந்தப் பணம், முதலாளியின் லாபத்தைப் பார்த்து மறுக்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனா அப்போது லாபம் பார்த்தவரிடம் கேட்காத கேள்வியை, பின்னால் கடையை மீட்க முடியாமல் திணறியவரிடம் கேட்டதை எப்படி நியாயப்படுத்துவது?

வாடகையில் நடந்தது

சின்ன கடைக்குச் சம்பளத்தைவிடப் பெரிய செலவு வாடகை. அரசின் முதல் வாடகைத் திட்டம் 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கானது. காகிதத்தில் பார்த்தால் அழகு: வாடகையில் பாதியை அரசு தரும், கால்வாசியைக் கடைக்காரர் தருவார், கால்வாசியைக் கட்டட உரிமையாளர் விட்டுக்கொடுப்பார்.

சிக்கல் ஒன்றே ஒன்று. விண்ணப்பிக்க வேண்டியது கட்டட உரிமையாளர். கடைக்காரருக்கு உரிமையே இல்லை. கால்வாசி வாடகையை விட்டுக்கொடுக்க மனமில்லாத உரிமையாளர், அல்லது படிவம் நிரப்பச் சோம்பல்பட்ட உரிமையாளர், 'எனக்கு வேண்டாம்' என்றால் கதை முடிந்தது. வியாபாரம் 70 சதவீதம் விழுந்திருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை. 65 சதவீதம் விழுந்தவருக்கு பூஜ்யம். இங்கேயும் அதே மாதிரிப் படிக்கட்டு இல்லாத சுவர்தான்.

ஆறு மாதம் பட்ட பிறகு அரசே பாடம் படித்தது. அடுத்து வந்த வாடகை மானியம் நேரடியாகக் கடைக்காரருக்கே போனது. வியாபாரம் எவ்வளவு விழுந்ததோ அதற்கேற்ப 65 சதவீதம் வரை, ஊரடங்கால் மூடச் சொன்ன கடைக்குக் கூடுதலாக 25 சதவீதம். செங்குத்தான சுவரைச் சரிவாக மாற்ற அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். ஊதிய மானியத்தையும் 2020 ஜூலையிலிருந்து அப்படித்தான் மாற்றினார்கள். 30 சதவீதம் வியாபாரம் விழுந்தால்தான் தகுதி என்ற கோட்டை அழித்து, விழுந்த அளவுக்கு மானியம் என்றார்கள்.

சீபாவின் முடிவுக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

வரியிலும் தள்ளிவைப்புதான்

வரிச் சலுகை என்று அறிவிக்கப்பட்டதில் பெரும்பகுதி சலுகை இல்லை, தவணை. வருமான வரியைக் கட்ட 2020 செப்டம்பர் 30 வரை நேரம். சரக்கு-சேவை வரியைக் கட்ட ஜூன் 30 வரை நேரம். ஒன்டாரியோவில் இந்த வரி 13 சதவீதம். வாடிக்கையாளரிடம் வசூலித்து அரசுக்காகக் கையில் வைத்திருக்கும் பணம் அது, கடைக்காரருடையது இல்லை. மூடிக் கிடக்கும் கடையில், கல்லாவில் இருக்கும் ஒரே பணம் அதுதான் என்றால் அவர் என்ன பண்ணுவார்? வாடகைக்கு எடுப்பார். ஜூன் 30 வரும்போது வியாபாரமும் இருக்காது, வரிப் பணமும் இருக்காது.

சீபாவிலும் வரி ஒரு வேலை காட்டியது. திருப்பித் தர வேண்டாத பகுதியாக அறிவிக்கப்பட்ட 10,000 அல்லது 20,000 டாலர், கடன் கைக்கு வந்த ஆண்டிலேயே வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும். ஒன்டாரியோவில் நிறுவனமாகப் பதிவான சிறு தொழிலுக்கு 12.2 சதவீத வரி என்றால், 20,000 டாலருக்கு 2,440 டாலர். தள்ளுபடி நிஜமாகக் கிடைக்குமா என்று தெரிவதற்கு மூன்று ஆண்டு முன்பே அதற்கு வரி! பின்னால் தள்ளுபடி கிடைக்காமல் முழுதாகத் திருப்பிக் கட்டினால், கட்டிய ஆண்டில் அதைச் செலவாகக் காட்டலாம். நியாயம்தான். ஆனா லாபம் இருக்கும் தொழிலுக்குத்தான் செலவைக் கழிப்பதால் பயன். தள்ளுபடியைக் கோட்டைவிட்டவரிடம் லாபம் இருந்திருந்தால் அவர் கோட்டைவிட்டிருக்கவே மாட்டார்.

18 நாள்

சீபாவைக் கட்டிமுடித்துத் தள்ளுபடி பெற முதலில் சொன்ன கெடு 2022 டிசம்பர் 31. ஒமிக்ரான் வந்ததும் அது 2023 டிசம்பர் 31 ஆனது. சிறு வணிகர்களின் கூட்டமைப்பான சிஎஃப்ஐபி இன்னும் நேரம் கேட்டது, மாகாண முதல்வர்களும் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. புதிய கெடு 2024 ஜனவரி 18. கூடுதலாகக் கிடைத்தது 18 நாள். தள்ளுபடி இல்லாமல் கடனைத் தீர்ப்பதற்கான கடைசித் தேதிதான் ஒரு ஆண்டு தள்ளி, 2026 டிசம்பர் 31-க்குப் போனது. கெடு தாண்டியவர்களின் மீதிக் கடனுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி. முழு 60,000 பாக்கி என்றால் மாதம் 250 டாலர் வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும்.

மூன்றரை ஆண்டு நேரம் கொடுத்தும் கட்ட முடியவில்லையா என்ற கேள்வி எழும். டொரன்டோவின் சாப்பாட்டுக் கடைகளை எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்கும். 2020 மார்ச்சில் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. ஜூலை 31-ல் அனுமதி வந்தது. அக்டோபர் 10-ல் மறுபடி நின்றது. அடுத்து உள்ளே மேசை போட அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 16-ல். இதில் ஒரு விசித்திரம், சீபாவுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி 2021 ஜூன் 30. அதாவது கடையின் உள் மேசைகள் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே உதவிக் கதவு மூடிவிட்டது. 2022 ஜனவரியில் ஒமிக்ரானால் மறுபடியும் மூடல்.

இதற்கிடையில் கடன் வாங்கும் செலவே மாறிப்போனது. சீபா கொடுத்தபோது கனடா மத்திய வங்கியின் வட்டி விகிதம் 0.25 சதவீதம். 2023 ஜூலையில் அது 5 சதவீதம். கெடுவுக்குள் வங்கியில் வேறு கடன் வாங்கி சீபாவை அடைத்துவிடலாம், சீபா கொடுத்த வங்கியிடமே மறுகடனுக்கு விண்ணப்பித்தால் 2024 மார்ச் 28 வரை நேரம் உண்டு என்று அரசு சொன்னது. கணக்குப் போட்டால் அது நல்ல யோசனைதான். 20,000 டாலர் தள்ளுபடிக்காக 40,000 டாலரை உயர்ந்த வட்டியில் வாங்கினாலும் லாபமே.

ஆனா வங்கி கொடுக்கணுமே! இரண்டு ஆண்டு கணக்கு நஷ்டத்தில், அடகு வைக்க வீடு இல்லை, வாடகை பாக்கி என்று நிற்பவருக்கு எந்த வங்கி கொடுக்கும்? வீடு இருந்தவர் வீட்டை வைத்து வாங்கினார், சேமிப்பு இருந்தவர் சேமிப்பை உடைத்தார். இரண்டும் இல்லாதவருக்குத் தள்ளுபடியும் இல்லை. கடைசியில் அந்த 20,000 டாலர், வங்கி யாரை நம்பியதோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கொரோனா யாரை அதிகம் அடித்ததோ அவர்களுக்கு இல்லை.

2023-ல் கனடாவில் திவாலான தொழில்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 40 சதவீதத்துக்கும் மேல் கூடியது. அத்தனைக்கும் சீபா காரணம் என்று சொல்ல முடியாது; வட்டி, விலைவாசி எல்லாம் உண்டு. அதேநேரம் சின்ன கடைகளில் பெரும்பாலானவை திவால் நோட்டீஸ் எல்லாம் கொடுப்பதில்லை. பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அது எந்தப் புள்ளிவிவரத்திலும் 'திவால்' என்று வராது. சொந்தப் பெயரில் தொழில் நடத்தியவர் கடையைப் பூட்டலாம், கடனைப் பூட்ட முடியாது. அது அவர் பெயரிலேயே வீட்டுக்கு வரும்.

ஏமாற்றியவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். தலைமைத் தணிக்கையாளர் கேரன் ஹோகன் 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கைப்படி, தகுதி இல்லாத சுமார் 77,000 பேருக்கு 3.5 பில்லியன் டாலர் சீபா கடன் போயிருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன் வந்த இன்னொரு அறிக்கையில், ஊதிய மானியமும் தனிநபர் உதவிகளும் சேர்த்து, குறைந்தது 27.4 பில்லியன் டாலரை மேலும் விசாரிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

இந்த எண்களைக் காட்டி 'இதுக்கு மேலயும் தள்ளுபடியா?' என்று கேட்பவர்கள் உண்டு. எண்களைத் திருப்பியும் படிக்கலாம். சீபா வாங்கியவர்களில் 100-க்கு 91 பேர் தகுதியோடுதான் வாங்கினார்கள். தகுதி இல்லாதவரைப் பிடிப்பது தணிக்கையின் வேலை, கெடு அந்த வேலையைச் செய்யாது. ஜனவரி 18-க்குள் 40,000 கட்டியவர்களில் தகுதி இல்லாதவரும் இருந்திருக்கலாம்; பணம் இருந்ததால் கட்டினார்.

அதே அறிக்கையில் இன்னொரு விஷயம். சீபாவை நடத்திய அரசு நிறுவனம் எக்ஸ்போர்ட் டெவலப்மென்ட் கனடா. பெயரே சொல்வதுபோல் அது ஏற்றுமதியாளருக்கானது, இட்லிக் கடைக்குக் கடன் கொடுத்துப் பழக்கமில்லை. அதனால் வேலையின் பெரும்பகுதி அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனத்துக்குப் போனது. 300 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள், போட்டி டெண்டர் இல்லாமலே. 2020 ஏப்ரலின் அவசரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆண்டுகள் கடந்தும் அது தொடர்ந்ததற்கு அவசரத்தைக் காரணம் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு 18 நாளைத் தாண்டிப் பொறுமை காட்டாத அமைப்பு, தன் ஒப்பந்தக்காரர் விஷயத்தில் நிறையவே பொறுமையாக இருந்திருக்கிறது.

தள்ளுபடிக்கு எதிரான வலுவான வாதம் வேறு. வீட்டை அடகு வைத்து, நகையை விற்று, கெடுவுக்குள் 40,000 கட்டியவர் இருக்கிறார். கட்டாதவருக்கு இப்போது தளர்வு கொடுத்தால் முன்னவர் முட்டாளா? இதை ஒதுக்கித் தள்ள முடியாது. அதனால்தான் எல்லாருக்கும் முழுத் தள்ளுபடி என்ற கோரிக்கை சரியில்லை.

ஆனா கட்டிய அளவுக்குத் தள்ளுபடி என்பது யாரையும் முட்டாளாக்காது. 40,000-ல் 30,000 கட்டியவருக்கு 20,000-ல் முக்கால் பங்கு, அதாவது 15,000 தள்ளுபடி. பாதி கட்டியவருக்குப் பாதி. முழுசும் கட்டியவருக்கு முழுசும், அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஒன்றும் கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. மேலே சொன்ன 35,000 டாலர்காரருக்கு இந்த முறையில் 17,500 தள்ளுபடி, மீதி 7,500 மட்டும் பாக்கி. 25,000 பாக்கிக்கும் 7,500 பாக்கிக்கும் நடுவில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. 7,500 என்றால் தவணை போட்டு வசூலிக்கலாம். 25,000 என்றால் பல இடங்களில் வசூல் ஏஜென்சிக்குக் கொடுக்கும் கமிஷன்தான் மிஞ்சும்.

இதைச் செய்ய புதிதாக எந்தப் படிவமும் வேண்டாம், புதிதாக எந்த ஆலோசனை நிறுவனமும் வேண்டாம். யார் எவ்வளவு வாங்கினார், 2024 ஜனவரி 18 அன்று யார் கணக்கில் எவ்வளவு பாக்கி இருந்தது என்ற விவரம் ஒவ்வொரு டாலருக்கும் வங்கிகளிடம் இருக்கிறது. 5 சதவீத வட்டியை மாதாமாதம் கணக்குப் போட்டு எடுப்பதே அந்த விவரத்தை வைத்துத்தான்.